இரண்டாம் டவுன், 11 யார்டு: அட்லான்டா ஓட்டத்தைக் கைவிட்டதா?

2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டன் நகரின் என்.ஆர்.ஜி. அரங்கில் நடந்த, அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான 51-ஆவது சூப்பர் பவுலில், நான்காம் பகுதி முடிய 4 நிமிடம் 40 விநாடி இருந்தபோது, அட்லான்டா ஃபால்கன்ஸ் அணியின் ஜூலியோ ஜோன்ஸ் பக்கக்கோட்டருகே துள்ளி எழுந்து, தன்னை மறித்து நின்றவரின் கைக்கு மேலே பந்தைப் பறித்து, இரண்டு பாதங்களின் நுனியையும் கோட்டுக்கு உள்ளே ஊன்றி விழுந்தார். அந்த ஒரு பிடியில் 27 யார்டு கிடைத்தது. பந்து நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் 22-ஆம் யார்டு கோட்டில் இருந்தது. அட்லான்டா 28, நியூ இங்கிலாந்து 20.

அங்கிருந்து அட்லான்டா மூன்று முறை பந்தை ஏந்தி ஓடிவிட்டு, நான்காவது முறை கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து (ஃபீல்ட் கோல்) மூன்று புள்ளிகள் எடுத்திருந்தால், அந்த அணி தன் வரலாற்றின் முதல் கோப்பையை வென்றிருக்கும் என்பது பலருடைய கருத்து. அப்படி நடக்கவில்லை. நியூ இங்கிலாந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது. 25 புள்ளிகள் பின்தங்கியிருந்து வென்ற அணி சூப்பர் பவுலில் அதற்கு முன் இருந்ததில்லை. அன்றிலிருந்து அட்லான்டாவின் தாக்குதல் பயிற்சியாளர் கைல் ஷனஹான் மீது ஒரே குற்றச்சாட்டு நிற்கிறது: பந்தை ஏந்தி ஓடுவதை அவர் கைவிட்டுவிட்டார். அந்தக் குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதையும், அந்த இடத்தில் ஓட்டம், பாஸ் ஆகிய இரண்டு வழிகளும் எதைத் தரக்கூடியவையாக, எதைப் பறிக்கக்கூடியவையாக இருந்தன என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் டச் டவுன், ஆறு புள்ளி; அதன்மேல் உதைத்து ஒரு புள்ளியோ, இன்னொரு முயற்சியில் இரண்டு புள்ளியோ கூடுதலாக எடுக்கலாம். தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை எறியலாம் (அதுவே பாஸ்), அல்லது ரன்னிங் பேக் கையில் கொடுத்து ஓடவிடலாம். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். ஓடியவரை மைதானத்துக்குள்ளேயே மடக்கினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆட்டத்தைத் தொடங்க 40 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். முன்னணியில் இருக்கும் அணிக்கு அந்த 40 விநாடி பணத்தைப் போன்றது. எதிரணி அதை நிறுத்த வேண்டுமானால் தன் கையிருப்பில் உள்ள இடைவேளை ஒன்றைச் செலவழிக்க வேண்டும்.

முதலில் 'கைவிட்டார்கள்' என்ற சொல்லையே சோதிப்போம். அந்த ஆட்டம் முழுவதிலும் அட்லான்டா ஆடியது 46 முறை மட்டுமே. அவற்றில் 18 ஓட்டங்கள், 23 பாஸ்கள். எஞ்சிய ஐந்து முறையும் குவாட்டர்பேக் மாட் ரையன் பந்தை எறிவதற்கு முன்பே வீழ்த்தப்பட்டார். நியூ இங்கிலாந்தோ 93 முறை ஆடியது. 40 நிமிடம் 31 விநாடி பந்து அவர்களிடம் இருந்தது, அட்லான்டாவிடம் 23 நிமிடம் 27 விநாடி. இரண்டாம் பகுதியில் நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் டாம் பிராடி எறிந்த பந்தை அட்லான்டாவின் ராபர்ட் ஆல்ஃபர்ட் இடைமறித்து 82 யார்டு ஓடி டச் டவுன் அடித்ததைக்கூட இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அது ஏழு புள்ளிகளைக் கொடுத்தது, ஆனால் தடுப்பாட்டக்காரர்களை மூச்சு வாங்கவிடாமல் உடனே திரும்பவும் களத்துக்கு அனுப்பியது. ஆகவே ஓட்டங்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு காரணம், ஓடுவதற்குப் பந்தே கையில் இல்லாதது.

ஓட்டத்தை ஆதரிப்பவர்கள் அடுத்துக் காட்டுவது சராசரியை: 18 ஓட்டங்களில் 104 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு 5.8. இவ்வளவு நன்றாக ஓடிய அணி ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தச் சராசரியைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்லான்டாவின் முதல் முயற்சியிலேயே ரன்னிங் பேக் டெவான்டா ஃப்ரீமன் 37 யார்டு ஓடினார். அந்த ஓர் ஓட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 17 ஓட்டங்களில் 67 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு நான்கு யார்டுக்குச் சற்றுக் குறைவு. அது மோசமில்லை, ஆனால் எதிரணியைத் தரையில் புரட்டிப் போட்ட ஓட்டமும் இல்லை. மறுபுறம் ரையன் 23 பாஸ்களில் 17-ஐ முடித்து 284 யார்டு சேர்த்திருந்தார். அந்தப் பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது முந்தைய நாள்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர் கையிலிருந்து பந்தை வாங்கிவிடு என்று ஒரு பயிற்சியாளரிடம் சொல்வது எளிதல்ல.

எனவே ஆட்டம் முழுவதற்குமான மொத்தக் கணக்கை வைத்துக்கொண்டு 'கைவிட்டார்கள்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கேள்வி உண்மையில் 28-3 என்ற நிலைக்குப் பிறகுதான் எழுகிறது. மூன்றாம் பகுதியில் 8 நிமிடம் 31 விநாடி மீதமிருக்கையில் டெவின் கோல்மன் ஆறு யார்டு பாஸில் டச் டவுன் அடித்து அந்த நிலையை உண்டாக்கினார். அதன்பின் அட்லான்டா ஓடிய ஓட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைவிட என்னை வருத்துவது, அந்த நேரத்தில் ஆட்டங்களுக்கு இடையே கிடைத்த விநாடிகளைப் பல முறை அவர்கள் செலவழிக்காமலே பந்தை எடுத்து ஆடியது. ஓடுவதா எறிவதா என்ற விவாதத்தில் இது மறைந்துபோகிறது. பாஸ் ஆடுவதென்றாலும் கடிகாரத்தில் ஒரு விநாடி எஞ்சும்வரை காத்திருந்து ஆடலாம். அதற்கு எந்தத் திறமையும் வேண்டியதில்லை.

இரண்டு தருணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, நான்காம் பகுதியில் சுமார் எட்டரை நிமிடம் மீதமிருக்கையில் வந்தது. புள்ளிகள் 28-12. அட்லான்டா தன் 36-ஆம் யார்டு கோட்டில் நின்றது. மூன்றாம் டவுன், வேண்டியது ஒரே ஒரு யார்டு. ரையன் பந்தோடு பின்வாங்கினார். விளிம்பிலிருந்து பாய்ந்து வந்த நியூ இங்கிலாந்தின் டான்டா ஹைடவரை ஃப்ரீமன் கவனிக்கவில்லை. எறிவதற்குக் கையை ஓங்கிய நேரத்தில் பந்து ரையனின் கையை விட்டுப் பிரிந்து தரையில் உருண்டது. நியூ இங்கிலாந்து அட்லான்டாவின் 25-ஆம் கோட்டில் அதைக் கைப்பற்றி, சில ஆட்டங்களில் டச் டவுனும் அதன்மேல் இரண்டு புள்ளிகளும் எடுத்து 28-20 ஆக்கியது.

இந்த இடத்தில் ஓட்டமே ஒரே சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு யார்டுக்கு எல்லோரும் ஓட்டத்தை எதிர்பார்த்து முன்வரிசையில் குவிந்து நிற்கும்போது பின்னால் திறந்த வெளி கிடைக்கும். அந்தப் பருவத்தில் 540 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதலிடத்தில் நின்ற அட்லான்டாவின் தாக்குதல் முழுவதும் கட்டப்பட்டிருந்ததே ஓடுவதுபோல் காட்டி எறிவதன்மேல்தான். பருவம் முழுவதும் சோறு போட்ட வித்தையை மிக முக்கியமான நேரத்தில் மூட்டைகட்டி வைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை அல்ல. ஆனால் தோற்றால் என்ன ஆகும் என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓடித் தோற்றிருந்தால் அட்லான்டா பந்தை உயரமாக உதைத்து அனுப்பியிருக்கும். நியூ இங்கிலாந்து தன் பாதியின் ஆழத்திலிருந்து, எட்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், இரண்டு டச் டவுன்களும் இரண்டு முறை கூடுதல் இரண்டு புள்ளிகளும் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஓட்டத்தின் தோல்விக்கு விலை குறைவு, பாஸின் தோல்விக்கு விலை அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது: பந்து உடனே கையை விட்டுப் போய்விடும் குறுகிய பாஸ். குற்றம் பாஸ் ஆடியதில் இல்லை. ரையன் பின்வாங்கிக் காத்து நிற்க வேண்டிய பாஸை, விளிம்பைக் காக்கும் பொறுப்பை ஃப்ரீமன் ஒருவர்மேல் வைத்து ஆடியதில் இருக்கிறது.

இரண்டாவது தருணம் வேறு வகை. ஜூலியோ ஜோன்ஸின் பிடிக்குப் பிறகு முதல் டவுனில் ஃப்ரீமன் ஓடினார். ஒரு யார்டு பின்னால் மடக்கப்பட்டார். பந்து 23-ஆம் கோட்டில், இரண்டாம் டவுன், வேண்டியது 11 யார்டு, மீதமுள்ள நேரம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நான் அந்தக் காட்சியை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இன்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மனம் பதறுகிறது.

ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்கிடுவது கடினமில்லை. இரண்டாம் டவுனில் ஓர் ஓட்டம், முழுவதுமாகக் கடிகாரம், மூன்றாம் டவுனில் இன்னோர் ஓட்டம், மறுபடி முழுவதுமாகக் கடிகாரம், பிறகு ஃபீல்ட் கோல். நியூ இங்கிலாந்து குறுக்கே வராவிட்டால் உதைக்கும்போது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்திருக்கும். இடைவேளைகளைக் கொண்டு குறுக்கே வந்தால் அவை பின்னால் அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கும். 23-ஆம் கோட்டிலிருந்து உதைப்பது 40 யார்டு தூரம் (கம்பங்கள் எல்லைக்கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால் நிற்கும், உதைக்கும் இடம் பந்துக்கு ஏழு யார்டு பின்னால்). உதைப்பவர் மாட் பிரையன்ட், அந்தப் பருவத்தில் 158 புள்ளிகளோடு லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். கூரையுள்ள அரங்கில் அவருக்கு அது நிச்சயம் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த நாற்பது யார்டுக்கு அவரைவிட நம்பகமானவரைத் தேடுவது கடினம். அது உள்ளே போயிருந்தால் 31-20. எட்டுப் புள்ளி இடைவெளி என்பது ஒரே முறை பந்து கிடைத்தால் அடைக்கக்கூடியது, பதினொன்று அப்படியல்ல. நியூ இங்கிலாந்து பின்னர் உண்மையில் எடுத்த டச் டவுனையும் இரண்டு புள்ளிகளையும் அப்படியே இந்தக் கணக்கில் சேர்த்தாலும் 31-28 என்று அவர்கள் மூன்று புள்ளி பின்தங்கியே இருந்திருப்பார்கள்.

பாஸின் பக்கத்தில் இருந்த நியாயத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். அது வெற்றி பெற்று முதல் டவுன் கிடைத்திருந்தால், ஃபீல்ட் கோலுக்குக் காத்திராமல் ஆட்டமே ஏறக்குறைய முடிந்திருக்கும். முதல் டவுனில் ஓடிப் பின்னடைந்தாயிற்று. எதிரே நின்ற நியூ இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கின் தடுப்பு இன்னோர் ஓட்டத்துக்காகக் காத்திருந்தது. ஃப்ரீமனும் ஜோன்ஸும் சற்றுமுன்தான் இரண்டு பெரிய பாஸ்களில் மைதானத்தின் பெரும்பகுதியைக் கடந்திருந்தார்கள். ஃப்ரீமன் பிடித்தது மட்டும் 39 யார்டு. அட்லான்டாவை அந்த 22-ஆம் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே பாஸ்தான் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ரையனின் 23-க்கு 17 என்ற அழகான எண்ணில் அவர் வீழ்த்தப்பட்ட ஐந்து முறைகள் இல்லை. அவற்றையும் சேர்த்தால் பாஸுக்காகப் பின்வாங்கியது 28 முறை. ஏறக்குறைய ஆறு முறைக்கு ஒரு முறை அவர் கீழே விழுந்தார், அந்த ஐந்தில் இழந்தது 44 யார்டு. சாதாரண நேரத்தில் ஒன்பது யார்டு இழப்பது வருத்தம் மட்டுமே. 23-ஆம் கோட்டில் அப்படியல்ல. அங்கே அட்லான்டாவின் கையில் ஏற்கெனவே மூன்று புள்ளிகள் இருந்தன. அவற்றின் மதிப்பு ஒவ்வொரு யார்டு பின்னடைவுக்கும் தேய்ந்துகொண்டே போகும். ஓட்டம் தோற்றால் ஒன்றிரண்டு யார்டு போகும். பாஸ் தோற்றால் கடிகாரம் நிற்கும், அல்லது இடம் போகும், அல்லது இரண்டும் போகும்.

நடந்தது கடைசியாகச் சொன்னதுதான். நியூ இங்கிலாந்தின் ட்ரே ஃபிளவர்ஸ் உள்வரிசையைப் பிளந்துகொண்டு வந்து ரையனை 12 யார்டு பின்னால் வீழ்த்தினார். பந்து 35-ஆம் கோட்டில். 40 யார்டு உதை 52 யார்டு ஆயிற்று. மூன்றாம் டவுனில் ரையன் முகமது சானுவுக்கு எறிந்து ஒன்பது யார்டு மீட்டார். உதை மறுபடி 43 யார்டுக்கு வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மஞ்சள் கொடி விழுந்திருந்தது. இடப்பக்கத் தடுப்பாளர் ஜேக் மாத்யூஸ் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்காகப் பத்து யார்டு தண்டம். இப்போது பந்து 45-இல், மூன்றாம் டவுன், வேண்டியது 33 யார்டு. அடுத்த பாஸ் பிடிபடவில்லை. அட்லான்டா பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுத்தது. மூன்றரை நிமிடம் மீதமிருக்க, தன் 9-ஆம் கோட்டிலிருந்து தொடங்கிய நியூ இங்கிலாந்து 91 யார்டு கடந்து, 57 விநாடி மீதமிருக்கையில் டச் டவுன் அடித்தது.

இந்த வரிசையில் ஷனஹானைக் குறைசொல்லக்கூடியது ஒரே இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் டவுன் பாஸ் பலித்தது. தண்டம் ஓர் ஆட்டக்காரரின் பிழை, அது ஓட்டத்திலும் நேரலாம். இரண்டாம் டவுனில் ரையனை ஆழமாகப் பின்வாங்கவைத்த அந்தத் தேர்வு மட்டுமே பயிற்சியாளருடையது. ஷனஹானே பிற்காலத்தில், அந்த இரண்டாம் டவுன் திட்டத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

இதற்கு இரண்டாண்டு முன்பு, 2015 பிப்ரவரி 1 அன்று, அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் பவுலில் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவை இதோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அங்கே சியாட்டில் சீஹாக்ஸ் இதே நியூ இங்கிலாந்திடம் 28-24 என்று பின்தங்கி, எல்லைக்கு ஒரு யார்டு முன்னால், 26 விநாடி மீதமிருக்க, ஒரே ஓர் இடைவேளையோடு நின்றது. 24 ஓட்டங்களில் 102 யார்டு சேர்த்திருந்த மார்ஷான் லின்ச் பக்கத்திலேயே இருந்தார். சியாட்டில் எறிந்தது, மால்கம் பட்லர் இடைமறித்தார். நாடே சிரித்தது. இரண்டு முடிவுகளையும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சியாட்டிலுக்குத் தேவைப்பட்டது டச் டவுன். அவர்களுக்குக் கடிகாரம் எதிரி. 26 விநாடியில் மீதமிருந்த மூன்று டவுன்களையும் பயன்படுத்த வேண்டுமானால், ஒரே இடைவேளையை வைத்துக்கொண்டு, ஒன்றாவது கடிகாரத்தை நிறுத்தும் பாஸாக இருந்தே ஆகவேண்டும். பயிற்சியாளர் பீட் கரோலின் தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. அதை முறியடித்தது பட்லரின் பாய்ச்சல். ஹூஸ்டனில் அட்லான்டாவுக்கோ எதுவும் தேவைப்படவில்லை. கடிகாரம் அவர்கள் பக்கம் நின்றது, புள்ளிப்பலகை அவர்கள் பக்கம் நின்றது, களத்தில் நின்ற இடமும் அவர்களுடையது. சியாட்டில் எறிந்ததற்கு எது காரணமோ, அதே காரணம் அட்லான்டாவை ஓடச் சொல்லியது.

ஷனஹான் பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளராகி, 2020 பிப்ரவரி 2 அன்று மயாமியில் நடந்த சூப்பர் பவுலில் மீண்டும் இதே வாசலில் நின்றார். நான்காம் பகுதியில் 20-10 என்று முன்னணி. கன்சாஸ் சிட்டி 20-17 ஆக்கியது. அடுத்துப் பந்து கிடைத்தபோது ஓர் ஓட்டம், பிடிபடாத இரண்டு பாஸ்கள், திருப்பி உதைத்தல். ஆட்டம் 31-20 என்று கைநழுவியது. அவருடைய அணி அன்று 22 ஓட்டங்களில் 141 யார்டு சேர்த்திருந்தது. இதை வைத்து அவருக்கு ஓட்டத்தில் நம்பிக்கையே இல்லை என்பவர்கள், இரண்டு வாரம் முன்பு அதே அணி எட்டே பாஸ்கள் எறிந்து, ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓட, சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதிப் போட்டியை வென்றதை மறந்துவிடுகிறார்கள். அவர் ஓட்டத்தை நம்புகிறவர்தான். ஆனால் அவர் கணக்கில் ஓட்டம் என்பது முன்னேறுவதற்கான கருவி. முன்னேறாத ஓட்டமும் பயன் தரும் சில நிமிடங்கள் உண்டு என்பதை அந்த இரண்டு இரவுகளிலும் அவருடைய தேர்வுகள் காட்டவில்லை.

என் நிலைப்பாட்டுக்கு எதிரான மிக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அட்லான்டாவின் வரிசை நடுவில் நின்ற அலெக்ஸ் மாக் அன்று முறிந்த கெண்டைக்கால் எலும்போடுதான் ஆடினார். கோல்மன் காயப்பட்டு வெளியேறியிருந்தார். அப்படிப்பட்ட வரிசையின் பின்னால் ஓடியபோதுதான் முதல் டவுனில் ஃப்ரீமன் பின்னடைந்தார். அதே சுவரில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மோதுவதா என்று ஷனஹான் தயங்கியிருந்தால் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் அதே முறிந்த காலோடுதான் மாக், ரையன் ஆழமாகப் பின்வாங்கிய ஆட்டத்திலும் தடுத்து நிற்க வேண்டியிருந்தது. பாஸின்போது வரிசை தாங்க வேண்டிய நேரம் ஓட்டத்தின்போது தாங்க வேண்டியதைவிட நீளம். இரண்டாம் டவுனிலும் மூன்றாம் டவுனிலும் ஃப்ரீமன் ஒரு யார்டுகூட முன்னேற வேண்டியதில்லை. பந்தை இரு கைகளாலும் இறுக அணைத்துக்கொண்டு 23-ஆம் கோட்டின் மீதே விழுந்திருந்தால், நடுவர் கடிகாரத்தை ஓடவிட்டிருப்பார். பிரையன்ட் 40 யார்டு தூரத்தில் நின்று கம்பங்களைப் பார்த்திருப்பார்.